எங்கே நின்று எடுப்பது?

புதுச்சேரியின் வட எல்லையைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கால் வைத்தவுடன், விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்த கோட்டக்குப்பம் தொடங்கிவிடுகிறது. கிழக்கே வங்கக் கடலும், ஊருக்குள் பள்ளிவாசல்களும் நெருக்கமான தெருக்களும், சற்றுத் தள்ளி மீனவர் குப்பங்களுமாகப் பல வகை வாழ்க்கைகள் கலந்து கிடக்கும் இவ்வூரில், பிரான்ஸிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினரை உடைய குடும்பங்கள் பல உண்டு. லீவு கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்ட அண்ணனோ தாய்மாமனோ இங்கே நடக்கும் கல்யாணத்தைக் காண்பது படத்தின் மூலமாகத்தான். ஆதலால் பிரியாணிக்குப் பண்டாரியைப் பேசி முடித்த கையோடு, படம் எடுப்பவரையும் பேசி முடித்துவிட வேண்டும் என்று வீட்டார் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அப்படிப் பேசும்போது, "என்ன கேமரா வெச்சிருக்கீங்க தம்பி?" என்று கேட்காத பெரியவர் இல்லை. "என்ன லென்ஸ் கொண்டுவரப் போகிறீர்கள்?" என்று கேட்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உண்மையில் விவாகப் படங்களின் குணத்தை நிர்ணயிப்பதில் கேமராவைவிட லென்ஸுக்கே அதிகப் பங்கு உண்டு என்பதும், லென்ஸைத் தேர்ந்தெடுப்பது என்பது அந்த மனிதர் நம் வீட்டு வைபவத்தில் எங்கே நிற்கப் போகிறார் என்பதைத் தேர்ந்தெடுப்பதே என்பதும் என் அபிப்பிராயம். இதை விளக்கச் சிறிது கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் வகுத்தலுமே அதற்குப் போதும்.

ஃபுல் ஃபிரேம் என்று சொல்லப்படும் கேமராக்களில், பிம்பம் விழும் சென்சாரின் அகலம் 36 மில்லிமீட்டர். படம் எடுப்பவர் நிற்கும் தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் மேல் பொறித்திருக்கும் குவியத் தூரத்தால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எத்தனை அகலம் படத்துக்குள் அடங்கும் என்பது தெரிந்துவிடும். மணமக்களிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 24 மில்லிமீட்டர் லென்ஸில் நாலரை மீட்டர் அகலம் அடங்கும். அதாவது மணமேடை முழுவதும், இரு பக்கத்துச் சம்பந்திகள் உள்பட. 35-இல் மூன்று மீட்டர். மணமக்களும் அவர்களை ஒட்டி நிற்கும் பெற்றோரும் மட்டும். 50-இல் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். 85-இல் ஒன்றேகால் மீட்டர்தான், ஆகவே இரண்டு முகங்களும் இரண்டு மாலைகளும். 200 மில்லிமீட்டர் லென்ஸோ பத்து மீட்டருக்கு அப்பால், மண்டபத்தின் நடுவில் இருக்கும் நாற்காலி வரிசையிலிருந்துகூட, இரண்டு மீட்டருக்கும் குறைவான அகலத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுத்துவிடும். சென்சார் சிறியதாக இருக்கும் கேமராக்களில் 36 என்ற இடத்தில் ஏறக்குறைய 24 என்று போட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் அத்தகைய கேமராவில் பொருத்திய 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 75 மில்லிமீட்டர் லென்ஸ் கொடுக்கும் காட்சியைக் கொடுக்கிறது. கைக்கு அடக்கமான கேமராவை வாங்கிவிட்டு, வீட்டுக் கூடத்துக்குள் குடும்பம் முழுவதையும் அடக்க முடியாமல் முதுகு சுவரில் இடிக்கத் திண்டாடும் இளைஞர்களின் சங்கடத்துக்கு இதுவே காரணம்.

தூரம் அகலத்தை மட்டும் மாற்றுவதில்லை. முகத்தின் அமைப்பையும் மாற்றுகிறது. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே பன்னிரண்டு சென்டிமீட்டர் இருப்பதாகக் கொண்டால், அரை மீட்டர் நெருங்கி எடுக்கும்போது மூக்கு, காதைவிடக் கால் பங்கு பெரிய அளவில் பதிகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வேற்றுமை ஆறு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. நேரில் அழகாக இருந்த மணப்பெண் படத்தில் வேறு யாரோ போலத் தெரிகிறாளே என்று தாயார் வருந்தும் சந்தர்ப்பங்களில், குற்றம் பெரும்பாலும் அலங்காரம் செய்தவரிடம் இல்லை. அகன்ற லென்ஸை முகத்தருகே கொண்டுபோனவரிடம் இருக்கிறது. அதே அகன்ற லென்ஸால் இருபது பேர் நிற்கும் குடும்பப் படத்தை எடுத்தால், ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவும் பெரியம்மாவும் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துப்போவார்கள். பின்னால் போக இடம் இருக்குமானால், நான்கு எட்டு பின்வாங்கி 35-க்கோ 50-க்கோ மாறுவதே ஓரத்தில் நிற்பவர்களுக்குச் செய்யும் மரியாதை.

லென்ஸின் மற்றொரு குணம், அது உள்ளே விடும் வெளிச்சத்தின் அளவு. 1.4, 2, 2.8, 4, 5.6 என்று வரும் எஃப் எண்களில் ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகக் குறைகிறது. கேமராவோடு சேர்த்தே விற்கப்படும் 18-55 லென்ஸ், 55-ஆம் முனையில் பொதுவாக எஃப் 5.6 வரைதான் திறக்கும்; எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. திண்டிவனத்துக்கு அருகே மயிலத்துக் குன்றின்மேல் முருகன் சந்நிதியில் விடியற்காலை முகூர்த்தம் வைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இந்தப் பத்து மடங்கின் அருமை தெரியும். கருங்கல் மண்டபத்தில் விளக்கொளியும் ஹோமப் புகையும் கலந்து நிற்கும் அந்த அரையிருட்டில் பளீரென்று ஃபிளாஷை அடித்தால், புகையில் பட்ட ஒளி திரும்பி வந்து படம் முழுவதையும் வெளுக்கச் செய்துவிடும்.

வெளிச்சத்தை இவ்வாறு வாரி எடுக்கும் லென்ஸை முகப் படத்துக்கென்றே கணக்கிட்டுச் செய்த முதல் மனிதர் ஒரு கணித ஆசிரியர். 1839-இல் பாரிஸில் டாகேரின் முறை வெளியானபோது, படத்துக்கு அமர்ந்தவர் வெயிலில் நிமிஷக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. வியன்னா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால், பீரங்கிப் படையில் கணக்கில் தேர்ந்த வீரர்களின் உதவியோடு ஒளிக்கதிர்களின் பாதைகளைக் கணக்கிட்டு, 1840-இல் எஃப் 3.6 அளவுள்ள லென்ஸ் ஒன்றை வகுத்துக் கொடுக்க, வியன்னாவில் தொழிற்கூடம் வைத்திருந்த வாய்க்லாண்டர் அதைச் செய்து விற்றார். அதன் பின்னரே சாதாரண மனிதர் தம் முகத்தைச் சிரமமின்றிப் பதிவு செய்துகொள்ளும் காலம் பிறந்தது. நடுவில் கூர்மையும் ஓரத்தில் மங்கலுமாகப் படம் தருவது பெட்ஸ்வாலின் லென்ஸுக்கு இயல்பாக இருந்த குறை. இன்று அதே மங்கலைத்தான் மணமக்களின் பின்னணியில் வேண்டுமென்று பணம் கொடுத்துத் தேடுகிறோம்.

அந்த முகப்படப் பரம்பரை தமிழ்நாட்டில் எப்படி வேரூன்றியது என்பதைப் பார்க்கக் கோட்டக்குப்பத்திலிருந்து சில மைல் தெற்கே போனால் போதும். புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, அழிந்துகொண்டிருந்த பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் தேடிச் சேகரித்து டிஜிட்டல் வடிவில் பாதுகாத்திருக்கிறார்கள். ஊர் ஊராக இருந்த அத்தகைய ஸ்டுடியோக்களில் தீட்டிய திரைக்கு முன்னால் நாற்காலியில் மணமகனும் பக்கத்தில் மணமகளுமாக அமைந்த படங்களைக் கவனித்தால், படம் எடுத்தவர் ஓரளவு தூரத்திலேயே நின்றிருக்கிறார் என்பது புலப்படும். பின்னர் ஸ்டுடியோவை விட்டுக் கல்யாண வீட்டுக்கே கேமரா வரத் தொடங்கியபோது வந்தது, மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் யாஷிகா. அதில் 80 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே, மாற்ற முடியாது. ஒரு ரோலில் பன்னிரண்டு படங்களே. ஆகையால் அகலம் வேண்டுமானால் பின்னால் நடந்தும், நெருக்கம் வேண்டுமானால் முன்னால் நடந்தும், எந்த நிமிஷத்துக்கு ஒரு படத்தைச் செலவழிப்பது என்று சிந்தித்தும் அவர்கள் வேலை செய்தார்கள். அந்தக் காலத்து ஆல்பங்களை இப்போது புரட்டினாலும் ஒவ்வொரு படத்திலும் ஒரு தீர்மானம் தெரிகிறது. இன்றைய வசதிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒற்றை லென்ஸோடு ஒரு பருவம் முழுவதும் பழகிய கைக்கு வரும் நிதானம், பை நிறைய லென்ஸ் சுமப்பவருக்கு எளிதில் வருவதில்லை என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்.

இனி, கோட்டக்குப்பத்துப் பள்ளிவாசலில் நடக்கும் ஒரு நிக்காஹை அருகில் சென்று பார்ப்போம். விரிப்பின்மேல் மணமகனும், மணமகளின் வலியாகிய, அதாவது பொறுப்பாளராகிய, தகப்பனாரும் எதிரெதிரே அமர்ந்து வலக்கரங்களைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். சாட்சிகள் இருவர் முழங்கால் தொடும் நெருக்கத்தில். ஜமாஅத்துப் பெரியவர்களும் உறவினர்களும் சுற்றிலும் அடர்ந்து அமர்ந்திருக்க, மார்க்க அறிஞரான ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்து, மணமகன் தரும் மஹர் இன்னதென்று அறிவித்து, ஒப்பந்த வாசகத்தைச் சொல்ல, மணமகன் ஏற்றுக்கொள்கிறார். பிரதானமான அந்தப் பகுதி சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. பிறகு துஆ, தஃப்தர் என்னும் பதிவேட்டில் கையெழுத்து, கட்டித் தழுவி வாழ்த்தல். அத்தனை பேரும் தரையில் அமர்ந்திருக்கும் அந்த வட்டத்தின் நடுவே ஒரு மனிதர் எழுந்து நின்றால், அவருடைய முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு நிக்காஹ் நடந்ததே தெரியாமல் போகும். "தம்பி, கொஞ்சம் ஓரமா உக்காருப்பா, ஒண்ணுமே தெரியலே" என்ற குரல் பின்வரிசையிலிருந்து எழும், எழவேண்டியதுதான்.

இவ்விடத்தில் விவேகமுள்ளவர் முன்கூட்டியே வந்து, தகப்பனாருக்கும் மணமகனுக்கும் குறுக்குவாட்டில், இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் தாமும் தரையிலேயே அமர்ந்துகொள்கிறார். அவருக்கு வேண்டியது 35 மில்லிமீட்டர் லென்ஸ்: பற்றிய கைகளும், குனிந்த இரண்டு முகங்களும், ஹஜ்ரத்தும் ஒரே சட்டத்தில் அடங்கும், உட்கார்ந்திருப்பவர்களின் கண் மட்டத்திலேயே கேமராவும் இருப்பதால், பார்ப்பவர் தாமும் அந்த வட்டத்தில் அமர்ந்திருப்பதாக உணர்வார். மற்றொரு கேமராவில் 85-ஐப் பொருத்தி மடியில் வைத்துக்கொண்டால், தகப்பனாரின் உதடு துடிப்பதையும், கையெழுத்திடும் விரல்களையும் இடம் விட்டு நகராமலே எடுத்துவிடலாம். ஃபிளாஷ் அவசியம் இல்லை. மிரர்லெஸ் கேமராக்களில் சத்தமே எழாத ஷட்டரும் உண்டு. ஆனால் அந்த ஓசையற்ற ஷட்டரை வேகமாக வைத்து, குறைந்த தர எல்.இ.டி. விளக்கின் கீழோ டியூப் லைட்டின் கீழோ எடுத்தால், படத்தின் குறுக்கே கறுப்பு வரிகள் விழும் அபாயம் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் விளக்கொளி விநாடிக்கு நூறு தடவை ஏறி இறங்குவதால், நூறில் ஒரு விநாடி அல்லது ஐம்பதில் ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வது க்ஷேமம்.

பெண்கள் பகுதியின் விஷயம் வேறு. பெரும்பாலான வீடுகளில் மணப்பெண் தனியறையிலோ மண்டபத்தின் தனிப் பகுதியிலோ இருக்கிறாள். அங்கே படம் எடுக்கப் பெண்ணொருத்தியை அமர்த்துவதே இப்போது பல குடும்பங்கள் விரும்பும் ஏற்பாடு. அறை சிறியது, ஆட்கள் பலர், கருகமணி அணிவிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் அந்த நிமிஷத்தில் நெரிசல் இன்னும் கூடும். அங்கே 70-200 போன்ற நீண்ட லென்ஸால் யாதொரு பயனும் இல்லை; 35-உம், மருதாணி இட்ட கைகளையும் நகைகளையும் அணுக்கமாக எடுப்பதற்கு ஒரு மேக்ரோ லென்ஸும் இருந்தால் காரியம் நிறைவேறிவிடும். இதற்கு நேர்மாறாக, ஆண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு நீண்ட லென்ஸால் பெண்கள் பக்கத்தைத் துழாவுவது கண்டிப்பாகத் தவிர்க்கத்தக்க செய்கை. எந்தப் படம் எடுக்கலாம், எடுத்த படம் யார் கைக்குப் போகலாம் என்பதை நாள் குறிக்கும்போதே வீட்டுப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். கேட்காமலே எடுத்து வைத்த படம் எத்தனை அழகாக இருந்தாலும் அதை ஆல்பத்தில் சேர்க்கும் உரிமை எவருக்கும் கிடையாது.

ஹிந்துக் கல்யாணங்களில் நெருக்கடி வேறு ரூபத்தில் வருகிறது. கெட்டிமேளம் முழங்கத் தொடங்கியதும், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கும் சபைக்கும் மணமக்களுக்கும் நடுவே, ஃபோட்டோகிராபரும் வீடியோகிராபரும் அவர்களுடைய உதவியாளர்களும் அரண் கட்டியதுபோல் நின்றுவிடுகிறார்கள். முதல் முடிச்சை மணமகன் போட, மற்றவற்றை நாத்தனார் போடும் வழக்கமுள்ள வீடுகளில், முடிச்சு விழும் இடம் மணமகளின் பின்கழுத்து. எதிரே நிற்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. மேடையின் ஓரத்தில் சற்றுப் பின்னே ஒருவர் 35-ஓடு அமர்ந்திருக்க, மற்றொருவர் சபையின் நடைபாதை முனையில் 70-200-ஓடு நிற்க, மேடைக்கு முன்னால் ஒருவருமே நிற்காதபடி இந்த வேலையைச் செய்ய முடியும். எஃப் 2.8 அளவுள்ள 70-200 லென்ஸ்கள் பழைய வகையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கனம் உடையவை. மிரர்லெஸ் கேமராக்களுக்கென வந்த புதிய வகைகளில் சில ஒரு கிலோவை ஒட்டி இறங்கியிருக்கின்றன. கனத்தையும் விலையையும் பொருட்படுத்தாமல் அதைச் சுமப்பதற்கு ஒரே நியாயம், தாத்தா பாட்டிமாரின் பார்வையை மறைக்காமல் இருக்கலாம் என்பதே; அந்த நியாயம் எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

லென்ஸை முழுக்கத் திறந்து எடுக்கும் மோகத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து, இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர்தான். மணமகள் தனியாக இருந்தால் கண்ணும் திலகமும் துலங்கப் பின்னணி கரைந்துபோவது ரம்மியமாகவே இருக்கும். மணமகன் அரைச் சாண் பின்னால் நின்றாரானால், தம் கல்யாணப் படத்திலேயே அவர் மங்கிப்போவார். இருவர் சேர்ந்த படத்துக்கு எஃப் 4, குடும்ப வரிசைகளுக்கு எஃப் 5.6 அல்லது 8 என்று மூடிக்கொள்வதும், அதனால் குறையும் வெளிச்சத்தை விதானத்தின் மேலோ வெள்ளைச் சுவரின் மேலோ திருப்பியடித்த ஃபிளாஷால் ஈடு செய்வதும் முதியவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு. அதை விடுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடலோர ஊர் என்பதால் கோட்டக்குப்பத்தாருக்குச் சில விசேஷ எச்சரிக்கைகள் உண்டு. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தந்திராயன்குப்பம் கடற்கரையில் படம் எடுத்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடன் ஈரமான கடற்காற்றில் லென்ஸை எடுத்தால், கண்ணாடி மேல் பனி படிந்ததுபோல் நீராவி படிந்துவிடும். பையின் வாயைத் திறக்காமலே கால் மணி அரை மணி வெளிச் சூட்டில் வைத்திருந்து, பிறகு எடுப்பதே சரியான உபாயம். உப்புத் துளி பட்ட லென்ஸை அன்றிரவே சற்று ஈரப்படுத்திய மெல்லிய துணியால் துடைத்து வைக்க வேண்டும். மணற்காற்றில் லென்ஸை மாற்றவே கூடாது. மாதக் கணக்கில் தோல் பையில் அடைந்து கிடக்கும் லென்ஸுக்குள் பூஞ்சை நூல்போல் படர்ந்து, கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடுகிறது; காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதம் நாற்பது ஐம்பது சதவீதத்தில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் இந்த நோய் அண்டாது. பழைய லென்ஸ் வாங்குபவர்கள், பின்புறத்திலிருந்து டார்ச் ஒளியை அடித்து முன்புறமாக நோக்கினால், நூல்போன்ற அந்தப் படர்ச்சி இருந்தால் தப்பாமல் கண்ணில் படும்; அதைக் கண்டபின் விலை எத்தனை குறைவானாலும் வாங்க வேண்டியதில்லை.

தொழிலைப் புதிதாகத் தொடங்கும் இளைஞர், 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை முதலில் வாங்கிப் பழகட்டும். பெரும்பாலான கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்றாகவே அது கிடைக்கிறது. நாலைந்து கல்யாணம் கண்டபின் ஃபுல் ஃபிரேம் கேமராவானால் 35-உம் 85-உம், சிறிய சென்சாரானால் 23 அல்லது 24-உம் 56-க்கு அருகில் ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று லென்ஸ்களை மாற்றிக்கொண்டிருக்க அவகாசம் இல்லாதவர்களுக்கு 24-70 எஃப் 2.8 சௌகரியமானது, கல்யாண வேலையின் பெரும்பகுதியை அது ஒன்றே தாங்கிவிடும், மங்கிய வெளிச்சத்தில் மட்டும் சற்றுப் பின்தங்கும். 70-200-ஐ ஆரம்பத்திலேயே கடன்பட்டு வாங்க வேண்டாம். புதுச்சேரி போன்ற நகரங்களில் நாள் வாடகைக்கு லென்ஸ் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதன் வாடகையைக் கல்யாண ஒப்பந்தத்திலேயே சேர்த்துச் சொல்லிவிட்டால் வீட்டாரும் மறுப்பதில்லை.

வீட்டாரும் ஒரு சிறிய உபகாரம் செய்யலாம். மேடைக்கும் முதல் வரிசை நாற்காலிக்கும் நடுவே எத்தனை அடி விடப்போகிறார்கள், நடைபாதை நடுவிலா ஓரத்திலா, நிக்காஹ் பள்ளிவாசலிலா மண்டபத்திலா, பெண்கள் பகுதிக்கு வழி எது என்பவற்றை நாலு நாள் முன்னதாகவே மண்டபக்காரரிடமும் பள்ளிவாசல் பொறுப்பாளரிடமும் விசாரித்துச் சொல்லிவிட்டார்களானால், படம் எடுப்பவர் முதல் நாள் மாலையே அங்கு வந்து, தாம் நிற்கக்கூடிய இடத்தில் நின்று பார்த்து, மறுநாள் பையில் எதை எடுத்து வைப்பது என்பதைத் தீர்மானித்துக்கொள்வார்.